பொருளாதாரத்தில் பிஎச்.டி. சேருவது எப்படி? படிவம் நிரப்பும் முன் செய்ய வேண்டியவை

எம்.ஏ. எகனாமிக்ஸோ எம்.காமோ முடித்துவிட்டு "பிஎச்.டி. எங்கே சேரலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எதைப் பற்றி? "அதான் கைடு (ஆய்வு வழிகாட்டி) சொல்வாரே" என்று பதில் வரும். சொல்வார்தான், அவருக்குத் தோதான தலைப்பை. குறைந்தது 3 வருடம் அதைச் சுமக்கப் போவது நீங்கள்.

முதலில் தகுதி. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. எம்.ஃபில். முடித்துவிட்டு வா என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள், 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளோடு அது போய்விட்டது.

அடுத்து நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு. 3 மணி நேரம், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு கிடையாது, அதனால் ஒன்றையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. அது கிடைக்காவிட்டாலும் 2024-லிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேரலாம், ஆனால் அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

இப்போது ஆய்வுக் கேள்விக்கு வருவோம், இங்கேதான் நிதானம் வேண்டும். "தமிழ்நாட்டில் சிறுதொழில்களின் பிரச்சினைகள்" என்று எழுதினால் அது தலைப்பே இல்லை, மேடைப் பேச்சு. சுருக்கிப் பாருங்கள். திருப்பூரில் ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்காகக் கூலிக்கு வேலை செய்யும் சின்ன யூனிட்டுகளுக்குப் பில் பணம் இழுத்தடித்துத்தான் வரும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சிறுதொழில்களுக்கான 2006 சட்டமே சொல்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் வேலை கொடுத்த கம்பெனி அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரியில் 2024 ஏப்ரலிலிருந்து பிடி போட்டிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் பணம் சீக்கிரம் வருகிறதா, இல்லை ஆர்டரே பெரிய யூனிட்டுகளுக்குப் போய்விட்டதா? இது கேள்வி. யாரிடம் போய்க் கேட்க வேண்டும், எந்தப் பில்லைப் புரட்ட வேண்டும் என்று உடனே தெரிகிறது பாருங்கள்.

சரி, கைடு. ஆய்வு மாணவர்களில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம், அதனால் இடம் காலியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம் இந்திய ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது திறந்து பாருங்கள். கடைசியாக ஒருவர் முடித்தது எந்த வருடம்? நன்றியுரைப் பக்கத்தையும் படியுங்கள் (நான் முதலில் படிப்பதே அதைத்தான்), கைடு எந்த அத்தியாயத்தைத் திருத்தினார் என்று எழுதியிருந்தால் ஒரு மாதிரி, வெறும் "மேலான வழிகாட்டுதல்" என்றால் வேறு மாதிரி.

பிடித்திருந்தால் ஒரே பக்கத்தில் கேள்வி, தரவு எங்கே கிடைக்கும், அவருடைய எந்தக் கட்டுரை இதோடு ஒட்டுகிறது என்று எழுதி அனுப்புங்கள். ஒரே மெயிலை 15 பேருக்குத் தட்டிவிட வேண்டாம், துறைக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு நேரில் போங்கள், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி.