ரெயில்ஸ் ரூட்டிங் ஹெல்பர்கள்: சத்தமில்லாமல் தவறும் இடங்கள்

ரெயில்ஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில், பக்கத்தின் முகவரியை நமக்காக உருவாக்கித் தரும் மெதட்தான் ரூட்டிங் ஹெல்பர். லிங்கைக் கிளிக் செய்தால் முகவரி /போஸ்ட்ஸ்/5 என்று வராமல் /போஸ்ட்ஸ்.5 என்று வருகிறதா? நடுவில் இருக்கும் அந்தப் புள்ளிதான் துப்பு. போஸ்ட்_பாத் என்று எழுத வேண்டிய இடத்தில் போஸ்ட்ஸ்_பாத் என்று எழுதி, பதிவையும் உள்ளே கொடுத்திருப்பீர்கள். பன்மை ஹெல்பர் பட்டியல் பக்கத்துக்கானது. அதற்கு ஐடி தேவையே இல்லை. அந்த ரூட்டில் (எந்த முகவரிக்கு எந்தக் கோடு ஓட வேண்டும் என்ற விதி) காலியாக இருக்கும் ஒரே இடம் ஃபார்மேட், அதாவது .ஜேசன், .எக்ஸ்எம்எல் என்று கடைசியில் வரும் வால். நீங்கள் கொடுத்த 5 அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஹெல்பர் எந்தப் பிழையும் காட்டாது. புதிதாகக் கற்பவர்களை இந்தளவு அலைக்கழிக்கும் தவறு வேறில்லை என்பேன்.

ப்ரொஃபைலுக்கு ஒருமையில் ‘ரிசோர்ஸ்’ என்று ரூட் எழுதிவிட்டு, ப்ரொஃபைல்_பாத்துக்குள் பயனரைக் கொடுத்தாலும் இதே கதைதான். ஒருமை ரிசோர்ஸின் முகவரியில் ஐடி கிடையாது. அடைப்புக்குறியே வேண்டாம்.

ஹெல்பரே இல்லை என்று பிழை வந்தால் பெயரை ஊகித்துக்கொண்டே இருக்காதீர்கள். டெர்மினலில் ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’ ஓட்டி, இடது ஓரப் பத்தியைப் பாருங்கள். அங்குள்ள பெயரோடு _பாத் சேர்த்தால் ஹெல்பர். பெயர் காலியாக இருக்கும் வரிக்கு மேல்வரியின் பெயர்தான். ‘நியூஸ்’ போல ஒருமையும் பன்மையும் ஒன்றாக இருக்கும் சொல்லுக்குப் பட்டியல் பக்கம் நியூஸ்_இண்டெக்ஸ்_பாத் ஆகிவிடும். இதை யாரும் ஊகித்துக் கண்டுபிடிப்பதில்லை.

‘மிஸ்ஸிங் ரிக்வயர்ட் கீஸ்: ஐடி’ என்றால் ரூட் ஃபைலைத் தொட வேண்டாம். ஹெல்பருக்குள் போனது ‘நில்’ (மதிப்பே இல்லை என்பதற்கான சொல்), இல்லாவிட்டால் இன்னும் சேவ் ஆகாத பதிவு. அது எங்கிருந்து வந்தது என்று கன்ட்ரோலரில் (பதிவை எடுத்துப் பக்கத்துக்குக் கொடுக்கும் கோடு) தேடுங்கள்.

அப்புறம், வரிசை. ரூட்டுகள் மேலிருந்து கீழாகத்தான் பொருத்தப்படும். ‘போஸ்ட்ஸ்/டிராஃப்ட்ஸ்’ வரியை, போஸ்ட்ஸுக்கான வழக்கமான ரூட்டுகளை மொத்தமாக உருவாக்கும் ரிசோர்ஸஸ் வரிக்குக் கீழே எழுதினால், ‘டிராஃப்ட்ஸ்’ என்ற சொல்லையே ஐடியாக எடுத்துக்கொண்டு, ஒற்றைப் பதிவைக் காட்டும் ஷோ ஆக்‌ஷன் ஓடும். பதிவு கிடைக்கவில்லை என்று பிழை வரும். ஹெல்பர் தரும் முகவரி சரியாகவே இருப்பதால் சந்தேகம் அந்தப் பக்கம் போகாது. ரிசோர்ஸஸ் பிளாக்குக்குள், தனிப் பதிவுக்கல்லாமல் மொத்தப் பட்டியலுக்கான கலெக்‌ஷன் ரூட்டாக எழுதினால் சரியாகிவிடும்.

மெயிலில் _பாத் கூடாது, டொமைன் பெயரோடு முழு முகவரி தரும் _யூஆர்எல்தான். மெயில் அனுப்பும்போது ரிக்வெஸ்ட் இல்லாததால் டொமைன் பெயர் ரெயில்ஸுக்குத் தெரியாது. ஆக்‌ஷன் மெயிலரின் டிஃபால்ட்_யூஆர்எல்_ஆப்ஷன்ஸில் நாம்தான் தர வேண்டும். டெவலப்மென்ட் ஃபைலிலிருந்து அந்த வரியை அப்படியே புரொடக்‌ஷனுக்குக் காப்பி செய்யாதீர்கள். பாஸ்வேர்டை மாற்றக் காத்திருப்பவருக்கு லோக்கல்ஹோஸ்ட்:3000 என்ற லிங்க் போய்ச் சேரும்.