சூழல் கலைவிழா செய்யப்போறீங்களோ? நாங்கள் விட்ட பிழையள நீங்களும் விடாதேங்கோ

இலங்கையின்ர வடக்கில, எங்கட வன்னியில இப்ப சூழலும் கலையும் எண்டு ஊருக்கு ஊர் விழா நடக்குது, சந்தோசம்தான். நாங்களும் ஒருக்கா செய்தனாங்கள். வாசலில முதல் கட்டினது என்ன தெரியுமோ, இருபதடி பிளெக்ஸ் பனர், அதில "பிளாஸ்ரிக்கைத் தவிர்ப்போம்" எண்டு எழுத்து, அதையும் குளக்கரை மருதமரத்தில ஆணி அடிச்சுக் கட்டினது! முடிய ஆரோ கொளுத்தியும் விட்டிட்டினம். உந்த பிளெக்ஸ் பிவிசி பிளாஸ்ரிக், எரிச்சா டயொக்சின் எண்ட நஞ்சு வரும். பழைய வேட்டித்துணியில கரியால எழுதியிருந்தா காணும்.

சாப்பாட்டு விஷயத்தில கடைக்காரரிட்ட முதலே சொல்லிவையுங்கோ. ரெஜிபோம் எண்ட நுரைப் பிளாஸ்ரிக் பெட்டியும் சோறு சுத்துற பொலித்தீன் லஞ்ச் சீற்றும் 2017இலயே தடை, ஆனா சொல்லாட்டி அதிலதான் வரும். தாமரையிலைக்கு எங்கட குளங்களில என்ன பஞ்சமோ?

எல்லாத்திலயும் பெரிய பிழை இதுதான், "கழிவில கலை" எண்டு சொல்லி பிள்ளையள பழைய இரும்பு பொறுக்க அனுப்புறது. வேற ஊரில செய்யலாம், சண்டை நடந்த இஞ்ச வேண்டாம். முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுத்த கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா உழுத காணியிலயும் மழை கழுவின வாய்க்காலிலயும்கூட வெடிக்காத ஷெல் வெளிக்கிடுது, கறள் பிடிச்சுக் கிடந்தா பிள்ளைக்கு அது பழைய குழாய் மாதிரித்தான் தெரியும். வீட்டில கிடக்கிற போத்தல், சைக்கிள் ரயர், பனங்காணியில விழுந்த காவோலை (காய்ஞ்ச பனையோலை), இவ்வளவும் போதும். காவோலையில செய்த யானைக்குப் பக்கத்தில தீப்பந்த ஆட்டம் மட்டும் வைச்சிடாதேங்கோ, ஒரு பொறி போதும்.

களிமண் சிலைக்கு மண் வேணுமெண்டு குளக்கட்டில வெட்டக்கூடாது, மாரிக்கு வெள்ளம் அந்த இடத்தாலதான் உடைச்சுக்கொண்டு போகும். குளம் வத்தினாப்பிறகு அலைகரையில, அதாவது குளத்துக்குள்ள தண்ணி நிண்ட ஓரத்தில, எடுக்கலாம், அதுக்கும் கமக்காரர் அமைப்பிட்டயும் கமநல சேவை நிலையத்திலயும் கேட்டுப்போட்டு எடுங்கோ.

திகதி. ஐப்பசி கார்த்திகையில வைச்சா மழை, சனமும் காலபோக (மாரி நெல்) வயலில. தை மாசியில அருவி வெட்டு (நெல் அறுவடை). பங்குனி நல்லம். வைகாசியில வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலோட முட்டவே கூடாது, ஒருத்தரும் வரமாட்டினம், அதோட அங்க கடல்தண்ணியில விளக்கெரியிறத விட பெரிய சூழல் கலை நீங்கள் என்னத்தைக் காட்டப்போறீங்கள்?

கடைசியா கூத்து. பேச்சாளருக்கு ஒரு மணித்தியாலம், விடியவிடிய ஆடுற கோவலன் கூத்துக்கு பத்து நிமிஷம், நாங்கள் போட்ட நிகழ்ச்சி நிரல் அப்பிடித்தான் இருந்தது. நேரம் போட்டுது எண்டு கூத்தை நடத்தின அண்ணாவியாருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்பினம், மனுசன் வாசிச்சுப் பாத்திட்டு மடிச்சு இடுப்பில செருகிப்போட்டு அடுத்த பாட்டைத் தொடங்கிட்டார், சனத்தில ஒருத்தரும் எழும்பேல்ல.