பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது எப்படி

திறந்து மாற்றும் வேலைக்கு அரை மணி நேரம் போதும். சிக்கல் பெரும்பாலும் அதற்கு முன்பே, பொருந்தாத எஸ்எஸ்டியை (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) வாங்குவதிலும், பழைய டிஸ்க்கில் உள்ளதை அவசரமாக அதற்கு நகல் எடுப்பதிலும் தொடங்கிவிடுகிறது.

ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் என்றால் அனேகமாக 2.5 இன்ச் சாட்டா (ஹார்ட் டிஸ்க்குக்கான அதே இணைப்பு வகை) எஸ்எஸ்டிதான் வேண்டும். இதன் தடிமன் 7 மி.மீ. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. ஆக இருந்தால், இடைவெளியை அடைக்க 2.5 மி.மீ. பிளாஸ்டிக் சட்டம் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்டி ஆடி, நாளடைவில் கனெக்டர் தளரும். எம்.2 ஸ்லாட் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) இருந்தாலும் உடனே என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்கிவிடாதீர்கள். சில ஸ்லாட்டுகள் சாட்டா மட்டுமே ஏற்கும். அவற்றில் என்விஎம்இ போட்டால் லேப்டாப்புக்கு அது தெரியவே தெரியாது. மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளர் தரும் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். 500 ஜிபி டிஸ்க்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கப் போனால், டிஸ்க்கில் பாதி காலியாக இருந்தாலும் குளோன்சில்லா (டிஸ்க்கை முழுதாக நகலெடுக்கும் இலவச மென்பொருள்) "இடம் போதாது" என்று நின்றுவிடும். பழையதைவிடச் சிறியதை வாங்காமல் இருப்பதே நிம்மதி.

நகலெடுக்கும் முன், டிஸ்க்கின் உடல்நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் நகலெடுக்கவே வேண்டாம். பழுதான செக்டர்களை (டிஸ்க்கின் சிறு பகுதிகளை) திரும்பத் திரும்பப் படிக்க முயன்றே டிஸ்க் செத்துப்போகலாம். முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

டிஸ்க் நலமாக இருந்தால் அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதி. வாங்கும்போதே அது இயக்கத்தில் இருக்கலாம். பலருக்கு இது தெரிவதில்லை. செட்டிங்ஸில் அதை முழுவதும் அணைத்து, குறியாக்கம் நீங்கும்வரை காத்திருங்கள். ஹார்ட் டிஸ்க்கில் சில மணி நேரம்கூட ஆகும். பூட்டைத் திறக்க உதவும் ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால், வேகமாகத் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி காரணமாக விண்டோஸ் பாதி உறக்கத்தில் நிற்கும், நகல் மென்பொருள் அது இருக்கும் பார்ட்டிஷனைத் (டிஸ்க்கின் பிரிவை) தொட மறுக்கும். எஸ்எஸ்டியை யுஎஸ்பி–சாட்டா கேபிளில் மாட்டி, பென் டிரைவிலிருந்து குளோன்சில்லாவை பூட் செய்து, டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எது மூலம், எது இலக்கு என்பதைத் தயாரிப்பாளர் பெயரையும் கொள்ளளவையும் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று எஸ்எஸ்டி உங்கள் தரவின் மேல் எழுதப்படும். அப்புறம் மீட்க வழியில்லை. நகல் முடிந்ததும் இரண்டையும் மாட்டியபடி விண்டோஸைத் திறக்காதீர்கள். ஒரே அடையாள எண்ணோடு இரு டிஸ்க்குகள் இருந்தால் அது குழம்பும்.

இப்போது பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய் சாட்டா மோடு, அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, என்னவென்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏஹெச்சிஐ, ஆர்எஸ்டி எதுவானாலும் அப்படியே இருக்கட்டும். மாறினால் நீலத் திரைதான் வரும். பின் சார்ஜரைக் கழற்றி, பின்மூடியின் ஸ்க்ரூக்களை எடுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல இருக்காது. எந்த ஓட்டையில் எது என்று ஒரு தாளில் படம் வரைந்து அதன்மேலேயே வையுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் திருகினால் மேலே கை வைக்கும் பகுதி புடைத்துவிடும். மூடியை இரும்பால் நெம்பாமல், பழைய ஏடிஎம் கார்டால் விளிம்போரமாகத் திறந்து வாருங்கள். உள்ளே முதல் வேலை, மதர்போர்டிலிருந்து பேட்டரி கனெக்டரைப் பிரிப்பது. ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிளக்கைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

டிஸ்க்கைக் கனெக்டரிலிருந்து பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் முனை ஒடியும். உலோகப் பிடிப்பானைக் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டி, அதே வழியில் உள்ளே தள்ளுங்கள். பேட்டரி கனெக்டரை மறுபடி மாட்டி, மூடியைப் பூட்டி லேப்டாப்பை இயக்குங்கள்.

விண்டோஸ் திறந்தபின், பெரிய எஸ்எஸ்டியின் மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் கிடக்கும். சி டிரைவை நீட்டும் வசதி மங்கலாகத் தெரிந்தால், இடையில் ரெக்கவரி பார்ட்டிஷன் நிற்கிறது என்று பொருள்; ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் மென்பொருளைக் கொண்டு அதைக் கடைசிக்கு நகர்த்தியபின் நீட்டலாம். எல்லாம் ஒழுங்காக ஓடினால் பிட்லாக்கரை மறுபடி இயக்குங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.