உண்டியலிலிருந்து தொடங்குங்கள்: கடற்கரைப் பங்குகளில் நம்பிக்கையை மீட்கும் வழி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரையின் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளில்) கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மூவொரு கடவுள் புரியவில்லை என்று விலகியவர் அபூர்வம். "திருவிழாக் கணக்கைக் கேட்டேன், மொறச்சாங்க" என்பவர் ஊருக்கு ஊர் இருப்பார். ஆகவே பங்குப் பேரவையிலும் (பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் குழு) நிதிக்குழுவிலும் இருப்பவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் உண்டியல்.

கணக்குக் கேட்பது குருவானவரை எதிர்ப்பது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தைப் பிரித்துக் காட்டினால் அது அடங்கும். பங்குப் பேரவை வேண்டுமா என்பதை ஆயர் முடிவு செய்யலாம். நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் இருந்தே ஆக வேண்டும் (எண் 537). மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் (1287). ஒரு காரியத்துக்கென்று தந்ததை அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் (1267). 2024 அக்டோபரில் உரோமையில் முடிந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் நிதிக்குழு நன்றாக இயங்குவதையும் ஆண்டுக் கணக்கு வெளியிடுவதையும் வலியுறுத்துகிறது. (சீர்திருத்த சபையான தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களுக்கு, அதாவது அதன் பங்குகளுக்கு, இந்தச் சட்ட எண்கள் பொருந்தாது. வேலைமுறை பொருந்தும்.)

உண்டியல் எண்ணுவது

உண்டியலுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி பங்குத்தந்தையிடம், இன்னொன்று நிதிக்குழு உறுப்பினரிடம். எண்ணுவதற்குக் குறைந்தது மூன்று பேர், வெவ்வேறு குடும்பத்தார், ஒருவராவது பெண். மாமன் மச்சானாக உட்கார்ந்து எண்ணினால் ஒரு ரூபாய் குறையாவிட்டாலும் ஊர் நம்பாது. உப்புக்காற்றில் ஈரமேறிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். பாயில் விரித்து உலரவிட்ட பிறகு எண்ணுங்கள். 500, 200, 100 என்று தாள் வாரியாக எழுதி, ஆள் மாற்றி இரண்டாம் முறை எண்ணி, மூவரும் கையெழுத்திடுங்கள். மொத்தத் தொகையை மட்டும் எழுதிவைத்தால் வங்கியில் 500 ரூபாய் குறையும்போது தவறு எங்கே என்று தேட வழியிருக்காது.

பெரும்பாலான பங்குகளில் ஓட்டை விழுவது அடுத்த நிமிடத்தில்தான். "எலக்ட்ரீசியனுக்கு இதிலேயே குடுத்துருவோம்" என்று ஒருவர் சொல்வார், மீதிதான் வங்கிக்குப் போகும். அப்படி விடாதீர்கள். எண்ணியது முழுவதும் அடுத்த வேலைநாளில் வங்கியில் ஏற வேண்டும். சில்லறைச் செலவுக்கு 2,000 அல்லது 3,000 ரூபாயைத் தனியே எடுத்துவைத்து, தீரத் தீரப் பில் காட்டி நிரப்புங்கள். கோயில் வாசலில் ஒட்டும் கியூஆர் அட்டை பங்கின் வங்கிக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும். எவருடைய சொந்த எண்ணும் வேண்டாம்.

நேர்த்திக்கடனாக வரும் தங்கத்தை அன்றே எடை போட்டு, படம் எடுத்து, பதிவேட்டில் ஏற்றுங்கள். மாதாவின் கழுத்தில் போட்டபின் எடை பார்க்க யாருக்கும் மனம் வராது.

திருவிழாவும் தலைக்கட்டு வரியும்

கொடியேற்றத்திலிருந்து தேர்பவனி வரை பணம் பல கைகளில் புரள்கிறது: விசைப்படகுக்காரர் தருவது, நாட்டுப்படகுக்காரர் தருவது, மீன் ஏலத்தில் எடுக்கும் பங்கு, வெளிநாட்டில் இருப்போர் அனுப்புவது. திருவிழாக் கமிட்டி தனிக் கணக்கு வைத்து, முடிந்ததும் நோட்டை மூடிவிடுகிறது. எண்ணிட்ட ரசீதுப் புத்தகங்களை யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதிவையுங்கள். விழா முடிந்த 15 நாளுக்குள் அடிக்கட்டைகளைத் திரும்ப வாங்குங்கள். பந்தல், சவுண்டு சர்வீஸ், வாணவேடிக்கை, அசனம் (பொது விருந்து) ஆகியவற்றுக்குக் கொடுத்த முன்பணத்தைத் தனி வரியில் காட்டுங்கள். முன்பணம் ஒருவர் கையிலும் மீதி இன்னொருவர் கையிலும் போகும்போதுதான் ஒரே செலவு இரண்டு முறை ஏறும்.

கணக்கை ஒரே தாளில், பெரிய எழுத்தில், கோயில் கதவில் ஒட்டுங்கள். அதை வாசிக்கும் நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்கள் கரையில் இருக்கும், ஆனால் கையில் காசு இருக்காது. கணக்கு வாசிக்க அது நல்ல நேரம், புதிய வரி போட மோசமான நேரம்.

தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிப்பது) பாக்கியைச் சொல்லித் திருமணத்தையோ அடக்கத்தையோ நிறுத்துவதைப் போல ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் அந்நியமாக்குவது வேறில்லை. ஏழ்மை காரணமாக யாருக்கும் அருள்சாதனம் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற திருச்சடங்கு) கிடைக்காமல் போகக் கூடாது என்பது சட்டம் (848). அடக்கச் சடங்கை மறுக்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் (1184) வரி பாக்கி இல்லை. பாக்கியை ஊர்க் கமிட்டி வேறொரு நாளில் பேசிக்கொள்ளட்டும், பிணத்தை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

கேள்வி கேட்கும் பிள்ளைகள்

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்கக்கூடியது: "ஓரியூர் மண்ணு அருளானந்தர் ரத்தத்துலதான் செவந்துச்சா சார்?" ஓரியூரில் கொல்லப்பட்ட மறைபணியாளர் ஜான் டி பிரிட்டோவைத்தான் மக்கள் அருளானந்தர் என்கிறார்கள். அதட்டினால் அடுத்த ஞாயிறு அவன் வரமாட்டான். ஆமாம் என்று அடித்துச் சொன்னால், சாயல்குடிப் பக்கத்துத் தேரியிலும் (செம்மணல் மேட்டிலும்) மண் சிவப்பாகத்தானே இருக்கிறது என்பான். அதோடு நீங்கள் சொன்ன மற்றதெல்லாம் சேர்ந்து ஆட்டம் காணும். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். 1693 பிப்ரவரி 4 அன்று கிழவன் சேதுபதி காலத்தில் அவர் தலை வெட்டப்பட்டார், அதற்கு முந்தைய நாள் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது, 1947-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்: இது வரலாறு. மண் சிவந்தது மக்களின் பக்தி மரபு. அதை நம்பாதவன் விசுவாசத்தை விட்டவன் ஆகமாட்டான்.

பெரியவர்களுக்கு அன்பியக் (அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) கூட்டத்தில் மாதம் ஒரு தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பெயர் எழுதாத சீட்டில் கேள்வி வாங்கலாம். பாசி எடுக்கவும் மீன் விற்கவும் போகிற பெண்கள் திரும்பும் நேரத்தைக் கேட்டுக் கூட்டத்தை வையுங்கள், இல்லாவிட்டால் ஆண்களின் கேள்விகளே வரும். வேறு சபையின் ஜெபக்கூடத்துக்குப் போகிறவர் பெயரைப் பீடத்திலிருந்து சொல்வது அவரோடு அவர் சொந்தபந்தத்தையும் அங்கே அனுப்பும் வழி.

புகார்

சிறுவர், சிறுமியர் மீதான பாலியல் குற்றத்தை "உள்ளேயே பேசி முடிப்போம்" என்று எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை, நிறுவனப் பொறுப்பாளராக இருந்தால் ஓராண்டு வரை சிறை. முதலில் காவல்நிலையம் அல்லது குழந்தைகள் உதவி எண் 1098, பிறகு மறைமாவட்டம். குழந்தையிடம் திரும்பத் திரும்ப விசாரிக்க வேண்டாம், சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதிவைத்தால் போதும். இவ்வகை வழக்குகளில் திருச்சபை கடைப்பிடித்த, விவரங்களை வெளியே சொல்லத் தடுத்த பாப்பிறை இரகசியம் 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. அதைக் காரணம் காட்ட இனி இடமில்லை.

மற்ற குறைகளை ஆயருக்கு எழுதலாம். அது விசுவாசிகளின் உரிமை (212). வசவு வேண்டாம், தேதி, தொகை, ரசீது நகல் போதும். சமூக ஊடகக் குழுவில் முதலில் போட்டுவிட்டு ஆயருக்கு எழுதினால், புகாரை விட்டுவிட்டுப் பதிவைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

பங்குத்தந்தை மாறும்போது

பல ஊர்களில் எல்லாக் கணக்கும் காணாமல் போவது இந்த ஒரு வாரத்தில். மாற்றம் அறிவிக்கப்பட்டவுடன் நிதிக்குழு கூடி, வங்கி இருப்பு, நிறைவேற்றாத திருப்பலிக் கருத்துகள் (காணிக்கை வாங்கி இன்னும் ஒப்புக்கொடுக்காத பூசைகள்), தங்கம், நிலப் பத்திரங்கள், தர வேண்டிய கடன் ஆகியவற்றுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பழையவர், புதியவர், குழுவில் இருவர் கையெழுத்திட்டு, ஒரு படி பங்கு அலுவலகத்திலும் ஒரு படி மறைமாவட்டத் தலைமையான சிவகங்கை ஆயர் இல்லத்திலும் இருக்கட்டும். கையெழுத்து முடிந்த பிறகு வழியனுப்பு விழாவுக்கு மாலை வாங்கலாம்.