கெவ்லார் கனூவில் தேய்ந்த போல்ட், ரிவெட் மாற்றும் முறை

கனடாவின் ஒன்ராறியோவில் ஏரிக்கு ஏரி கனூ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகைத் தோளில் சுமந்து நடக்கிறவர்களுக்கு எடைதான் பெரிய கணக்கு. கெவ்லார் எனும் உறுதியான செயற்கை நாரால் செய்த பதினாறடிக் கனூ 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். அந்த எடை குறைவதே ஓடு, அதாவது படகின் உடல், மெல்லியது என்பதால்தான். ஆகவே, அதில் பூட்டுகிற எதையும் ஓட்டின் பலத்துக்கு மேல் இறுக்கக்கூடாது. நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்.

பனி உருகியதும் கனூவை இரண்டு மரத் தாங்கிகள்மேல் நிமிர்த்தி வைத்து, இருக்கைகளையும் தோளில் ஏற்றும் நுகத்தடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. அதை இறுக்கினால் போதும். துளை நீளவாக்கில் இழுபட்டிருந்தாலோ, போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும்.

கழற்றுவதற்கு முன் கனூவின் நடு அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். நுகத்தடியும் குறுக்குக் கட்டைகளும்தான் ஓட்டின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. கழற்றியதும் அகலம் மாறிவிடும். அந்த மாறிய அகலத்தை அளந்து புதுக் கட்டையை வெட்டினால் கனூவின் வடிவமே போய்விடும். பழைய கட்டையைப் புதியதன்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். ஒன்றைக் கழற்றிப் பூட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றி மேசையில் பரப்புகிற ஆசை எல்லோருக்கும் வரும், விட்டுவிடுங்கள்.

துருவேறிய நட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுங்கள். அப்படியும் அசையாவிட்டால் இரும்பு அறுக்கும் வாளின் அலகை மட்டும் கையில் பிடித்து மெதுவாக அறுக்கலாம். கிரைண்டர் வேண்டாம், அந்தச் சூட்டில் பக்கத்தில் ஓட்டின் நாரைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் இளகிவிடும்.

பழைய போல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே தடிமனில், அதே நீளத்தில் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். துத்தநாகம் பூசியது விலை குறைவு, ஆனால் துருப்பிடிக்கும். நட்டு உள்ளே நைலோன் வளையம் உள்ளதாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் நட்டை மின் துரப்பணத்தால் வேகமாக முடுக்கினால் மரைகள் சூடேறி ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது. கையாலேயே முடுக்குங்கள். அகலமான வாஷர் போட்டு, அது விரலுக்குச் சுழலாத அளவு வந்ததும் கால் சுற்று மட்டும் இறுக்கினால் போதும். மரம் வாஷருக்குக் கீழே அமுங்கத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது.

அலுமினிய விளிம்புள்ள கனூவில் ரிவெட்டுகள், அதாவது மரையில்லாமல் அமுக்கிப் பூட்டும் உலோக ஆணிகள், இருக்கும். அவற்றின் நடுவில் எஞ்சியிருக்கும் ஊசியை முதலில் ஒரு சிறு குத்தூசியால் தட்டி உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் ட்ரில் வழுக்கி ஓட்டைக் கீறிவிடும். பிறகு ரிவெட்டின் தடிமனுக்கே ட்ரில் போட்டுத் தலையை மட்டும் எடுங்கள். பெரும்பாலும் 3/16 அங்குலமாக இருக்கும். தலை ட்ரில்லோடு சேர்ந்து சுழன்றால் அந்தத் தலையின் விளிம்பை ஒரு மெல்லிய உளியால் அழுத்திப் பிடியுங்கள். புது ரிவெட்டை வாங்கும்போது சேர்த்துப் பிடிக்க வேண்டிய மொத்தத் தடிமனை அளந்துகொண்டு போங்கள். நீளம் குறைந்தால் பிடிக்காது, கூடினால் ஆடும்.

துளை பெருத்துவிட்டதா? பின்பக்கம் டேப் ஒட்டி, தடிப்பாக்கிய எபொக்சியால் (இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவிடும் பிசின்) அடைத்து, நன்றாக இறுகிய பிறகு புதிதாகத் துளைக்கவும். கெவ்லார் நார் லேசில் அறுபடாது, பஞ்சுபோல் பிய்ந்து நிற்கும். உப்புத்தாள் தேய்த்தால் இன்னும் மோசமாகும். அதனால் இருபக்கமும் டேப் ஒட்டி, பின்னால் மரத்துண்டு வைத்து, புதுக் கூரான ட்ரில்லால் அழுத்தாமல் துளையுங்கள். நீட்டி நிற்கும் நாரைக் கூரிய பிளேடால் வெட்டி, துளையின் உட்சுவரில் எபொக்சி பூசுங்கள். வெளியே தெரியும் நார் தண்ணீரை உறிஞ்சும்.

உங்களுடையது கார்பன் கனூ என்றால் இன்னொன்றும் உண்டு. கார்பன் மின்சாரம் கடத்தும். அலுமினியம் அதை நேரடியாகத் தொட்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும், உப்புத் தண்ணீரில் இன்னும் வேகமாக. இடையில் எபொக்சிப் படலமோ நைலோன் வாஷரோ வையுங்கள்.

ஆஷ் மரக் கட்டையைப் பூட்டுவதற்கு முன்பே அதன் வெட்டுமுனைகளுக்கும் துளைகளுக்கும் எண்ணெய் பூசுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

முதல் நாள் துடுப்புப் போட்டு வந்த பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், புது மரம் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பயணப் பையில் நுகத்தடி அளவில் இரண்டு போல்ட், நட்டு, வாஷர், ஒரு சிறு ஸ்பானர் இருக்கட்டும்.