வேலை இல்லாதவருக்கும் வரி இலக்கம் கிடைக்கும்

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளியாகப் பெயர் பதிவில்லை, கொழும்பு வேலையும் போய்விட்டது. வரி இலக்கம் (TIN, வரித் திணைக்களம் ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) எடுத்தால் வரி கட்ட வேண்டிவருமோ என்று ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் பலர் தயங்குகிறார்கள். பயப்படாதீர்கள். இலக்கம் பெறுவது வெறும் பதிவுதான். 2025 ஏப்ரல் முதல் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வருமான வரி.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பதியலாம். அடையாள அட்டையின் இருபுறத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள். லய வீட்டின் மங்கலான விளக்கில் எடுத்தால் எழுத்து தெரியாது. முகவரியில் தோட்டப் பெயரோடு பிரிவின் பெயரும் இருக்கட்டும், கடிதம் வழிதவறாது. வேலை இல்லையென்றால் இல்லையென்றே எழுதுங்கள்.

அம்மாவின் சேமிப்பு வட்டியில் வங்கி 10% வரி பிடிக்கிறதா? அவருடைய ஆண்டு வருமானம் அந்த 18 இலட்ச வரம்புக்குள் இருந்தால், அதைத் தானே எழுதி உறுதிசெய்யும் சுயபிரகடனத்தைத் தன் வரி இலக்கத்தோடு வங்கிக்குக் கொடுத்து அதை நிறுத்தலாம்.