அரை அதிபர் முறை: அதிபரின் அதிகாரத்தை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

மக்கள் தேர்ந்தெடுக்கும் அதிபர் ஒருவர், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பிரதமர் ஒருவர், இருவரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வதுதான் அரை அதிபர் முறை. இதில் பிரான்ஸ் அதிபர் என்றதும் அமெரிக்க அதிபரை மனதில் வைத்துப் பேசுவதுதான் முதல் தவறு. 1958 அரசியலமைப்பைப் பாருங்கள், நாட்டின் கொள்கையை வகுத்து நடத்துவது அரசாங்கம் என்கிறது 20-ஆவது பிரிவு, அந்த அரசாங்கத்தை வழிநடத்துபவர் பிரதமர் என்கிறது 21-ஆவது பிரிவு.

அதைப் படித்துவிட்டு, "அப்போ நம்ம குடியரசுத் தலைவர் மாதிரிதான்" என்று மறுபக்கம் சாயவும் கூடாது. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள் அவர். அமைச்சரவைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், நாடாளுமன்றக் கீழவையைக் கலைப்பார்.

பலரும் குழம்புவது பிரதமரை நீக்கும் விஷயத்தில்தான். பிரதமர் ராஜினாமா கொடுத்தால் அதிபர் ஏற்கலாம், அவ்வளவுதான் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 1972 மே மாதம் 368 ஓட்டு வாங்கி நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்த பிரதமர் ஷபான்-டெல்மாஸ், அதிபர் பொம்பிடு போகச் சொன்னதும் ஜூலையில் பதவி விலகினார். இருவரும் ஒரே அணி, மறுத்து நின்று என்ன செய்வார்? அதற்காக எல்லா நாட்டிலும் இது நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 அக்டோபரில் இலங்கையில் அதிபர் சிறிசேன, பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார், பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நாடாளுமன்றத்தையே கலைத்தார். கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பர் 13 அன்று சொன்னது, மூன்றே நாளில் ரணில் மறுபடி பிரதமர்.

அப்புறம், நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டால் அதிபர் வெறும் பொம்மை என்பதும் சரியில்லை. 1986-இல் பிரான்சில் இடதுசாரி அதிபர் மித்தரானுக்கு வலதுசாரி ஷிராக் பிரதமர். அரசு நிறுவனங்களைத் தனியார்மயமாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஜூலை 14 அன்று, அதுவும் தேசிய தினத்தில், தொலைக்காட்சியிலேயே அறிவித்தார் மித்தரான். ஷிராக் அதையே மசோதாவாகக் கொண்டுபோய் ஆகஸ்ட் முதல் வாரத்தில் சட்டமாக்கிவிட்டார். தாமதப்படுத்த அதிபரால் முடிந்தது, தடுக்க முடியவில்லை, ஏனென்றால் அவையில் தலைக்கணக்கு ஷிராக் பக்கம்.

ஆக, முதலில் எண்ண வேண்டியது அவையில் யார் பக்கம் எத்தனை பேர் என்பதைத்தான். யார் பக்கமும் போதுமான ஆள் இல்லாமலும் போகலாம். 2024 ஜூனில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் அவையைக் கலைத்துத் தேர்தல் வைத்தார், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை, அவர் நியமித்த பிரதமர் பார்னியேயின் அரசு டிசம்பர் 4 அன்று, நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 331 ஓட்டு விழுந்து கவிழ்ந்தது. தேர்தல் முடிந்து ஓராண்டு ஆகும்வரை மறுபடி கலைக்க முடியாது என்பதால், அதே அவையை வைத்துக்கொண்டுதான் அடுத்த பிரதமரைத் தேட வேண்டியிருந்தது.